பக்கம் 212, ஏழாவது வரி

புத்தகத்தின் முதுகில் நடுவிரலால் இரண்டு தட்டு. பிறகு அதைக் காதருகே கொண்டுபோய், உள்ளேயிருந்து யாரோ பதில் சொல்லப் போவதுபோல ஒரு நொடி நிற்கிறார். அப்புறம் முகர்ந்து பார்க்கிறார். திருப்தியானால் அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். "காஞ்ச புத்தகம் டொக்குன்னு பேசும். ஈரம் ஏறுனது சளி புடிச்ச ஆளு மாதிரி முனகும்," என்கிறார். மொத்தம் நாற்பத்து மூன்று பிறப்புப் பதிவேடுகள். திங்களும் வியாழனும் இதே வேலை. பணி ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. சம்பளம் கிடையாது, இரண்டு வேளை டீ உண்டு.

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் இவரை எல்லாரும் 'இஸ்திரி அக்கா' என்கிறார்கள். அதிகாரியும் அப்படித்தான் கூப்பிடுகிறார். வயது அறுபத்து நான்கு. ஒல்லியான உடம்பு, ஓட்டமும் நடையுமான கால்கள், மூக்கு நுனிக்கு வந்துவிட்ட கண்ணாடி. எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டுகிறவர்களைக் கண்டால் இவருக்கு ஆகாது. தணிக்கைக்கு வந்த பெரிய அதிகாரி ஒருவர் விரலை நாக்குக்குக் கொண்டுபோனபோது, "அந்தத் தாள் ஒம்பது நாள் குடிச்ச தண்ணி போதும் சார், நீங்க வேற ஊத்தாதீங்க," என்று சொல்லியிருக்கிறார். பெரிய அதிகாரி விரலைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

என் பிறப்புச் சான்றிதழுக்காகத்தான் நான் முதலில் அங்கே போனேன். கிளார்க் கணினியில் தேடிக்கொண்டிருக்கும்போதே இவர் எழுந்துபோய்ப் பதிவேட்டை எடுத்து என் வரியில் விரலை வைத்தார். நான் ஊருக்குச் சொல்லி வந்ததைவிட இரண்டு வயது கூடுதல் என்பதை நாலு பேர் நடுவில் சொல்லவும் செய்தார். "வேலைக்குக் கொறச்சீங்களா தம்பி, கல்யாணத்துக்கா?" எதற்கென்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தத் தாள் தண்ணீர் குடித்துக் காய்ந்து, அலையலையாக இருந்தது. எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. அது எப்படி என்று கேட்டேன். கேட்டவன் அன்றிலிருந்து ஏழெட்டு வியாழக்கிழமைகள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஆற்றின் கரை உடைந்தது. அலுவலகத்தின் தரைத்தளம் ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்தது. அப்போது இவர் அங்கே கடைசிப் படியில் இருந்த ஊழியர்; கோப்பு தூக்குவது, மணி அடித்தால் ஓடுவது. தண்ணீர் வடிந்த பிறகு கதவைத் திறந்தால், பதிவேடுகள் சேற்றில் ஊறிய செங்கல் மாதிரிக் கிடந்தன. அன்றைய அதிகாரி பார்த்தார். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. அள்ளிக் குழியில போடுங்க," என்றார். குப்பை லாரியும் வந்து நின்றது.

அன்று காலையில்தான் இவர் நிவாரண வரிசையில் நின்றுவிட்டு வந்திருந்தார். இவர் வீடும் போயிருந்தது. கணவரும் இரண்டு பெண் குழந்தைகளுமாகப் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் இன்னும் நான்கு குடும்பங்களோடு தங்கியிருந்தார்கள். வரிசையில் இவருக்கு முன்னால் நின்ற பெண்ணை, பிள்ளைகளுக்குச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ரெண்டு புள்ளையையும் இடுப்புல வச்சிக்கிட்டு நிக்கிறா தம்பி. ரெண்டும் அழுவுது. அழுவுற புள்ளைக்குக் காகிதம் கேக்குறாங்க." அதைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு லாரியில் ஏறப்போவது குப்பையாகத் தெரியவில்லை. அதிகாரியிடம் போய், "தலைக்கு மேல போன வெள்ளம் வடிஞ்சிருச்சு சார். இத நான் காய வச்சுப் பாக்குறேன்," என்றார். அவருக்கு அன்றைக்கு ஆயிரம் தலைவலி. எப்படியோ போ என்று கையை ஆட்டிவிட்டார். அந்தக் கையசைப்பு மட்டும்தான் இவருக்குக் கிடைத்த அரசாணை.

நாற்பத்து மூன்று பதிவேடுகளையும் தள்ளுவண்டியில் ஏற்றி வகுப்பறைக்குக் கொண்டுபோனார். கணவர் லாரிப் பட்டறையில் வெல்டர், பொறுமைசாலி. அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. "நமக்குக் கட்டிக்கத் துணி இல்ல. நீ காகிதத்துக்குத் துணி தேடுற," என்றார். சொன்னவரேதான் மறுநாள் தாள் காயப்போடக் கம்பி கட்டிக் கொடுத்தார்.

வேலையை யாரும் இவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வெயிலில் வைத்த முதல் புத்தகம் சுருண்டு வெடித்தது, அதனால் நிழல். ஈரத்தோடு பிரித்த தாள் கிழிந்தது. அதனால் புத்தகத்தை நிற்க வைத்து நீர் வடியும்வரை பொறுமை. ஒட்டிக்கொண்ட தாள்களுக்கு நடுவே முகப்பவுடர் தூவி, மூங்கில் சீவி மெல்ல நெம்பினார். வகுப்பறையில் இருந்தவர்கள் எல்லாம் பவுடர் வாசனையில் தூங்கி எழுந்தார்கள். கடைசியில் மேலே மெல்லிய துணி போட்டு இஸ்திரி. மின்சாரம் கிடையாது; ஒரு சலவைக்காரர் இரவல் கொடுத்த கரிப்பெட்டிதான். ஒரு குமாஸ்தா மட்டும் ஊதா மையில் எழுதியிருந்தார். அவர் பக்கங்கள் சுத்தமாக வெளுத்துவிட்டன. தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, பேனா அழுத்திய பள்ளத்தைப் பார்த்தே பெயர்களைப் பென்சிலால் மீட்டெடுத்தார். "அந்த மனுஷன் யாரு மேலயோ உள்ள கோவத்துல எழுதியிருக்காரு. அவ்வளவு அழுத்தம். நல்லா இருக்கணும்."

பதினான்கு மாதம். காலையும் மாலையும். பகலில் சேறு அள்ளும் அலுவலகப் பணி வேறு. ஒன்றரை லட்சம் பேர் பிறந்ததற்கான அத்தாட்சி அப்படித்தான் மிஞ்சியது. வீடு கட்டியவர்கள், கப்பலேறியவர்கள், என்னைப்போல் வயதைக் குறைத்தவர்கள், எல்லாரும் அதில் இருக்கிறோம். இந்த ஊரில் இவருக்கு ஒரு பொன்னாடைகூட யாரும் போர்த்தவில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு. இவருக்கு இல்லை. பாராட்டிப் பேச ஆரம்பித்தாலே முகம் சுளிக்கிறார். "எல்லாத்தையும் காப்பாத்தல. ஒண்ண விட்டுட்டேன்," என்பார். பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த ஒன்றில்தான் வந்து நிற்கும்.

பதினொன்றாம் மாதம். இருபத்தெட்டாவது பதிவேடு, பக்கம் 212. தாள் மேல் பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது. கணவர் வாசலிலிருந்து ஓடி வந்து, "வீடு குடுத்துட்டாங்க, நம்ம பேரு வந்திருச்சு," என்றார். இவர் திரும்பினார். கை அப்படியே நின்றுவிட்டது. கரிந்த வாசனை வந்து பெட்டியைத் தூக்கியபோது, அதன் மூக்கு நின்ற இடத்தில் ஏழாவது வரி இல்லை. ஆறாவது வரியில் மார்ச் பத்தொன்பது, எட்டாவதில் மார்ச் இருபது. நடுவில் பிறந்தது ஆணா பெண்ணா, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவில்லை. வலது ஓரத்தில், பதிவு செய்ய வந்தவரின் கைநாட்டு பாதி மட்டும் தப்பியிருந்தது. அதன் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

அன்றைய அதிகாரி இவர் மேல் இரக்கப்பட்டு, 'வெள்ளத்தில் சிதைந்தது' என்று ஓரத்தில் குறிப்பு எழுதிவிட்டார். "ஆனைக்கும் அடி சறுக்கும்மா," என்று ஆறுதலும் சொன்னார். "ஆனை சறுக்குனா ஆனைக்குத்தான் சார் வலிக்கும்," என்றாராம் இவர். "நான் சறுக்குனது இன்னொருத்தருக்கு இல்ல வலிக்கும்?"

பதிவேட்டில் பெயர் கிடைக்காதவர்களுக்கு 'பதிவு இல்லை' என்ற சீட்டைத் திங்களும் வியாழனும்தான் கொடுப்பார்கள். இவர் ஏன் அந்த இரண்டு நாளும் வருகிறார் என்பது எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் உறைத்தது. புத்தகம் தட்டுவதெல்லாம் சாக்கு. சீட்டோடு வெளியே வருகிற ஒவ்வொருவரையும் மறித்து, "எந்தத் தேதி?" என்று கேட்கிறார். இத்தனை வருடத்தில் தேதி நெருங்கி வந்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் வேறு ஊரில் பிறந்தவர்கள். நான்காவது ஆள், ஒரு வரி காலியாக இருப்பதைக் கேள்விப்பட்டு, தன் வயதில் ஐந்தைக் குறைக்க வந்தவர். "காலி மனைன்னு நெனச்சு வேலி போட வந்தீங்களா? அங்க ஆள் குடியிருக்கு. இப்ப வெளிய போயிருக்கு, அவ்வளவுதான்," என்று துரத்திவிட்டார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. கூடவே தடியூன்றி அவருடைய அப்பா. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இது பிரசவ மாதம். போய்ப் பக்கத்தில் இருக்க பாஸ்போர்ட் வேண்டும், அதற்குப் பிறந்த சான்று வேண்டும். இஸ்திரி அக்கா வழக்கம்போல மறித்துக் கேட்டார்.

"மார்ச் பத்தொம்பதுன்னு அப்பா சொல்றாரு," என்றார் அந்தப் பெண். "விடிஞ்சா இருபதுன்னு அம்மா சொல்லும்."

சீட்டில் இருந்த வருடமும் இருபத்தெட்டாவது பதிவேட்டின் வருடம்தான். இஸ்திரி அக்கா கையிலிருந்த பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டார். பெரியவர் பக்கம் திரும்பி, "யாருய்யா வந்து பதிஞ்சது?" என்றார்.

"நான்தான்."

"கையெழுத்தா, கைநாட்டா?"

"நாட்டுதான். எழுதத் தெரிஞ்சா நான் ஏன் கொத்தனாராப் போறேன்?"

உள்ளே அழைத்துப் போனார்கள். நானும் கூடவே போனேன், யாரும் தடுக்கவில்லை. அதிகாரி மை தடவி, பெரியவரின் இடது பெருவிரலை வெள்ளைத் தாளில் அழுத்தினார். வெறும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது. நாற்பது வருடச் சிமென்ட்டும் சுண்ணாம்பும் ரேகையைத் தின்றுவிட்டிருந்தன. அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். இஸ்திரி அக்கா தாளை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்தார். திட்டின் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. "உளி பட்டது," என்றார் பெரியவர். "கல்யாணத்துக்கு முன்னாடி." பக்கம் 212-ஐத் திறந்து பக்கத்தில் வைத்தார்கள். அதே சாய்வு, அதே இடம். அதிகாரி லென்ஸ் வைத்து மூன்று தரம் பார்த்துவிட்டு, சாட்சி ஒருவர் கையெழுத்திட்டால் வரியை மறுபடி எழுதிவிடலாம் என்றார். அந்தப் பெண் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி வாக்குமூலப் படிவத்தை எடுத்தார். "பதிவு அழிந்த காரணம்: வெள்ளம். அப்படியே போட்டுடலாங்க்கா," என்றார். நல்ல மனிதர், பேனாவைப் படிவத்தில்கூட வைத்துவிட்டார்.

"வெள்ளம் இல்ல சார். நான்," என்றார் இஸ்திரி அக்கா. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். "ஒங்க வரிய எரிச்சது நான்தாம்மா. இஸ்திரிப் பெட்டிய அது மேல வச்சுட்டுத் திரும்பிட்டேன். இருபத்தஞ்சு வருஷமா ஒங்களத் தேடிக்கிட்டிருக்கேன்."

அந்தப் பெண் மெதுவாகத்தான் பேசினார். "வெள்ளத்துக்கு அப்புறம் வெளியூர் போயிட்டோம். ஆஸ்பத்திரி சலவையில இருக்கேன். நெரந்தரமாக்குறோம், வயசுக்கு அத்தாட்சி கொண்டான்னாங்க. அந்த ஊர்ப் புத்தகமெல்லாம் வெள்ளத்துல போச்சாமேன்னு அங்க இருந்தவங்க சொன்னாங்க. நாங்களும் தேடி வரல. இருபது வருஷமா டெம்பரவரி." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கேட்க எளிதாக இருந்திருக்கும்.

"எதுக்குத் திரும்புனீங்க?" என்றார் பெரியவர் இடையில்.

"வீடு கெடச்சிருச்சுன்னு வீட்டுக்காரர் ஓடி வந்தாரு."

பெரியவர் பெருவிரல் மையை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டார். "அதே வெள்ளத்துல வீடு போயி நாங்க ஒண்ணர வருஷம் கூடாரத்துல கெடந்தோம்," என்றார். "வீடுன்னு சொன்னா யாருதான் திரும்ப மாட்டாங்க?"

அதிகாரி காரணத்தை இஸ்திரி அக்கா சொன்னபடியே எழுதி, படிவத்தைச் சாட்சிக் கையெழுத்துக்காக அவர் பக்கம் தள்ளினார். ஒன்றரை லட்சம் பெயர்களைக் காய வைத்த கை. அது பேனாவை எடுத்துத் தாளில் வைத்தது. மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்து மேலே எழும்பியது. அந்தப் பெண் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, சலவைச் சோடாவில் வெந்து வெளுத்த தன் உள்ளங்கையை விரித்து, தாள் அசையாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டார்.