காலை ஆறு பத்துக்கு ஒரு போன்

இது நடந்தது. வேறு யாருக்கோ அல்ல, எனக்கு. தேதி, மணி, நிமிடம் எல்லாமே எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். தினமும் காலையில் விரலைக் குத்தி, மெஷின் காட்டும் எண்ணை நோட்டில் எழுதுகிறவன் நான். பேய் பார்க்கும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. வேலை, லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடம் இருட்டுக் குழிக்குள் இறங்கிக் கம்பிக்கு கிரீஸ் போட்டிருக்கிறேன். பயந்தாங்கொள்ளிக்கு அந்த வேலை ஒரு வாரம்கூடத் தாங்காது.

அந்தத் தொற்றுநோய் வருடம். எனக்கு இதயத்தில் இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைக்க நாள் குறித்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரியில் பச்சை அங்கியை மாட்டி, கையில் ஊசியைக் குத்தி, வரிசையாக உட்கார வைத்தார்கள். நான் முப்பத்திரண்டாம் நம்பர். பக்கத்தில் முப்பத்தொன்று, ஒரு தையல்காரம்மா. அறுபது வயதிருக்கும். தனியாக இருப்பவர். என்னைப்போலவே சர்க்கரை, என்னைப்போலவே அடைப்பு. அவசரத்தில் கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டிருந்தார்.

ஒன்பதே முக்காலுக்கு நர்ஸ் வந்தார்.

"இன்னிக்கு எதுவும் நடக்காது. எல்லா கேஸும் தள்ளி வச்சாச்சு. வீட்டுக்குப் போங்க, நாங்களே கூப்பிடுறோம்."

"எமனுக்கும் லீவு விட்டுட்டீங்களா சிஸ்டர்?" என்றார் தையல்காரம்மா.

நர்ஸுக்குச் சிரிக்க நேரமில்லை. "நெஞ்சு வலிச்சா உடனே வாங்க. வலி இல்லன்னா இந்தப் பக்கமே வராதீங்க. வியாதி தொத்திக்கும்."

ஊசியைப் பிடுங்கினார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே இருவரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டோம். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. அவர் எனக்கு அக்கா. நான் அவருக்குத் தம்பி. அவ்வளவுதான்.

பிறகு ஊர் அடங்கியது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். ஒரே அண்ணன், அவரோடும் பேச்சுவார்த்தை இல்லை. ஐந்தாவது மாடியில் ஒற்றை அறை வீடு. சர்க்கரையும் இதயமும் உள்ளவன் வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பாதிப் பேர் காலி செய்துவிட்டுப் போன கட்டடம் அது. மிச்சமிருந்தவர்களும் கதவைத் திறக்கவில்லை. என் வாசலுக்கு எதிரே லிஃப்ட் நாள் முழுக்கச் சும்மா நின்றது. ஒருநாள் சாயங்காலம் தொண்டையைக் கனைத்தேன். அன்று காலையிலிருந்து என் வாயிலிருந்து வந்த முதல் சத்தமே அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை ஆறு பத்துக்குப் போன் அடித்தது.

"எவ்வளவு தம்பி?"

"என்னக்கா எவ்வளவு?"

"சுகருதான். வேற என்ன இருக்கு நம்மகிட்ட?"

"நூத்தி அறுபத்தெட்டு."

"போச்சு. நான் இருநூத்தி நாலு. இன்னிக்கு நீ பாஸ், நான் ஃபெயிலு."

அன்றிலிருந்து தினமும் அதே நேரம். இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. பின்னணியில் அவருடைய தையல் மெஷின் கடகடவென்று ஓடும். முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தார். கால் எரிகிறது என்பார். மிளகாய் அரைத்துத் தடவின மாதிரி எரிகிறது என்பார். நான் ஐஸ் வைக்கச் சொல்வேன். நோட்டில் அவருக்கென்று தனியாக ஒரு பத்தி போட்டேன். சொன்னால் வெட்கக்கேடு... அந்த இரண்டு நிமிடத்துக்காகவே ஐந்து மணிக்கு எழுந்து முகம் கழுவித் தலை வாரிக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

ஏழாவது வாரம், செவ்வாய்க்கிழமை. காலை ஆறு பத்து.

"எவ்வளவு தம்பி?"

"நூத்தி எழுபது. உங்களுக்கு?"

"அறுபத்தொண்ணு."

"அடேயப்பா! அவ்வளவு இறங்கக் கூடாதுக்கா. எதையாவது சாப்பிடுங்க."

"பசிக்கலியே. ஒண்ணு சொல்லட்டா? கால் எரிச்சல் சுத்தமா போயிடுச்சு."

சந்தோஷப்பட்டேன். போனை வைத்த பிறகுதான் தோன்றியது. தையல் மெஷின் சத்தம் கேட்கவில்லை.

புதன்கிழமை, முப்பத்து நான்கு என்றார். அந்த அளவில் ஆள் மயங்கி விழ வேண்டும். இவரோ நிதானமாகப் பேசினார். குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. லிஃப்ட் குழிக்குள் நின்று ஒருவர் பேசினால் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். குரல் மேலே போய்ச் சுவரில் தட்டித் திரும்பி வரும். அப்படி இருந்தது.

வியாழக்கிழமை.

"எண்ணே வரல தம்பி. 'லோ'ன்னு எழுத்து காட்டுது."

"பேட்டரி போயிருக்கும். மாத்துங்க."

"அப்படியா?" என்றார். "போயிருக்கும்."

வெள்ளிக்கிழமையும் 'லோ'. அன்று அவர் பேசும்போது பின்னால் வாசல் மணி அடித்தது. விடாமல் அடித்தது.

"யாரோ வந்திருக்காங்களேக்கா?"

"தச்ச துணிய வாங்க வந்த ஆளு. நாலு நாளா வந்து வந்து போறான்."

"தொறக்கலியா?"

"எந்திரிக்கணுமே தம்பி..."

சனி, 'லோ'. ஞாயிறு, 'லோ'. திங்கள், 'லோ'. போனில் ஏதோ இரைச்சல். மோட்டார் இரைகிற மாதிரி, விட்டுவிட்டு.

"என்ன சத்தம் அது?"

"ஈ. ஜன்னலெல்லாம் மூடித்தான் இருக்கு. எங்கேருந்துதான் வருதோ... இத்தனை ஈ."

செவ்வாய்க்கிழமை அந்த இரைச்சலில் அவர் பேசியதே சரியாகக் கேட்கவில்லை.

நான் கேட்டிருக்க வேண்டும். உங்கள் வீடு எங்கே, நான் வரட்டுமா, யாரையாவது அனுப்பட்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் ஏதோ ஒன்று உடைந்துவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. எனக்கிருந்தது அந்த இரண்டு நிமிடம்தான். அதை இழக்க மனசு வரவில்லை.

மறுநாள், புதன்கிழமை. ஆறு பத்து.

போன் அடிக்கவில்லை.

ஆறே கால். ஆறரை. நானே கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். ஏழு மணிக்கு மறுபடி. சுவிட்ச் ஆஃப். மதியத்துக்குள் பதினோரு முறை. சோறு இறங்கவில்லை.

இரண்டு நாற்பதுக்கு வேர்க்க ஆரம்பித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு முழுசாக உள்ளே போகவில்லை. சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து இரண்டு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். வலி இல்லை. துளிகூட இல்லை. அப்படியானால் பயமில்லை என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கும் வேர்வை நிற்கவில்லை.

மூன்று பன்னிரண்டு. போன் அடித்தது.

அவர்தான்.

"வேர்க்குதா?"

எடுத்ததும் அதுதான் கேட்டார்.

"ஆமா... உங்களுக்கு எப்படி..."

"மெஷின்ல பாரு."

விரலைக் குத்தினேன். இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறைதான் ரத்தம் வந்தது.

"இருநூத்தி இருபத்தொண்ணு."

"அப்ப இறங்கல. இது சுகர் இல்ல தம்பி. நெஞ்சு."

"வலியே இல்லக்கா."

இரைச்சல் மட்டும். அந்த ஈக்கள்...

"எனக்கும் வலிக்கல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தாழ்ப்பாள எடு. இப்பவே. அப்புறம் உன்னால முடியாது."

எழுந்தேன். கால் மடங்கியது. தவழ்ந்தேன்.

நான்கு அடி தூரம்.

தாழ்ப்பாளை இழுத்தேன். கதவு திறந்தது. எதிரே லிஃப்ட்.

மோட்டார் ஓடியது.

இத்தனை வாரம் ஓடாத மோட்டார்...

மேலே வருகிறது. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து.

கதவு விலகியது. மூன்று பத்தொன்பது. முழு உடம்பையும் பிளாஸ்டிக் உடையில் மூடிய இரண்டு பேர், ஸ்ட்ரெச்சரோடு.

"முப்பத்திரண்டு நீங்கதானே?"

நான் யாரையும் கூப்பிடவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்தேன்.

திரை இருட்டாக இருந்தது.

அன்று சாயங்காலமே இரண்டு ஸ்டென்டும் வைத்துவிட்டார்கள். மறுநாள் டாக்டர் கட்டில் ஓரம் நின்று சொன்னார்.

"இன்னும் அரை மணி நேரம் லேட்டாயிருந்தா நாம பேசிட்டிருக்க மாட்டோம். பல வருஷமா சுகர் இருந்தா நரம்பு மரத்துப்போகும். மாரடைப்பு வந்தாலும் சில பேருக்கு வலி தெரியாது. வெறும் வேர்வை, மூச்சுத் திணறல், அவ்வளவுதான். வலிச்சாத்தான் வரணும்னு யாரு சொன்னது?"

யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை. அக்காவின் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். சுவிட்ச் ஆஃப்.

ஐந்தாம் நாள் ஆம்புலன்ஸிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று என்னைத் தூக்கி வந்த அதே டிரைவர். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"அந்தம்மா உங்க சொந்தமா சார்?"

"எந்தம்மா?"

"உங்களுக்காகப் போன் பண்ணவங்க. மூணு மணிக்கு. அஞ்சாவது மாடி, இடது பக்கக் கதவு, தொறந்திருக்கும்னு சொல்லி..."

என் விலாசத்தை நான் அக்காவிடம் சொன்னதே இல்லை.

"ஒரே போன்ல ரெண்டு அட்ரஸ் குடுத்தாங்க சார். முதல்ல உங்களை எடுக்கணும், அதுக்கப்புறம் அங்க போனா போதும்னாங்க. உங்களை உள்ள விட்டுட்டு நாலரைக்குப் போனோம். மாடி வீடு. உள்தாழ்ப்பாள். பெல் அடிச்சுப் பாத்துட்டு உடைச்சோம்."

வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"தையல் மெஷின் முன்னாடி, நாற்காலியில உக்காந்திருந்தாங்க. செத்து எட்டு ஒன்பது நாள் ஆயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. வீட்ல வேற யாருமே இல்ல."

கஷ்டப்பட்டுத்தான் கேட்டேன்.

"அப்ப... உங்களைக் கூப்பிட்டது?"

"கன்ட்ரோல் ரூம்ல ரெக்கார்டு இருக்கு சார். நானே போய்க் கேட்டேன். ரெண்டாவது வீட்ல பேஷன்ட் யாரும்மான்னு கேக்குறாங்க."

டிரைவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"'நான்தான். கதவ உடைக்கறப்ப பசங்கள மூக்கப் பொத்திக்கச் சொல்லுங்க'ன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க."