ஆசிட் தொட்டியில் என் வண்டி

புது மீன் நாற்றத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆண்டுக்கணக்காக இரும்பில் ஊறிப்போன மீன் தண்ணீர் நாற்றம் இருக்கிறதே, அது தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். குட்டியானை லோடு வண்டியிலிருந்து அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை இறக்கியதும் என் மனைவி இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

பாலிடெக்னிக் படித்த காலத்தில் பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பேன். கேட் பக்கம் இதே மாடல் வண்டி உறுமினால் வந்த ரயிலையும் விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பேன். ஒருமுறையாவது அதைச் சொந்தமாக ரோட்டில் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இப்போது அந்த மாடல் புதிதாக வருவதில்லை. பழையதை வாங்கி நாமே சரிசெய்தால்தான் உண்டு.

விற்ற புரோக்கர் ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டி, டேங்கில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். "வாத்தியார் வண்டி சார். ஊட்லேந்து ஸ்கூலு, ஸ்கூல்லேந்து ஊடு. மழைல நனைஞ்சதே கெடையாது" என்றார். ஆசை கண்ணை மறைக்க, தலையாட்டினேன்.

வாத்தியாராம். சீட்டைக் கிழித்தால் ஸ்பாஞ்சு முழுக்க மீன் செதில், காய்ந்த இறால் தலை, குடும்பத்தோடு கரப்பான். பழவேற்காட்டிலிருந்து ஐஸ் பெட்டி கட்டி மீன் ஏற்றிய வண்டி அது. உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி ஃபிரேம் முழுக்கத் துரு. துருவின் மேல் பட்டி பூசி மறைத்து, பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"இத்த ஊட்டுக்குள்ள கொண்ணாந்தீங்கன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன்" என்றாள் மனைவி. பின்பக்கத் தகர ஷெட்டில் வைத்துப் பிரித்தேன். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதே நாற்றம். எஞ்சின் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

கும்மிடிப்பூண்டியில், இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு போடும் கம்பெனியில் எனக்கு வேலை. பூச்சுக்கு முன்னால் துரு போக ஆசிட் தொட்டியில் முக்குவோம். எங்கள் ஆட்களுக்கு அந்தத் தொட்டி புண்ணிய தீர்த்தம். ஜன்னல் கம்பி, கட்டில் கால், எது துருப்பிடித்தாலும் வீட்டிலிருந்து கொண்டுவந்து முக்கிவிடுவார்கள். ஒரு ஃபிட்டர் தோசைக்கல்லையே முக்கி எடுத்துப் போய் தோசை சுட்டுத் தின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அவருடைய டிபன் பாக்ஸைப் பார்த்தாலே குமட்டும்.

அவர்தான் யோசனை சொன்னார். "இன்னாத்துக்கு உப்புத்தாள் வெச்சித் தேச்சிக்கினு கீற? ஆசிட்ல ஒரு முக்கு முக்கு. வெள்ளி மாதிரி வந்துரும்."

பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு ஃபிரேமை மட்டும் கொண்டுபோய், சங்கிலியில் கட்டி இறக்கினோம். ஷிஃப்ட் முடிந்து தூக்கினால், குழாயெல்லாம் ஓட்டை. நான் இரும்பென்று நினைத்ததில் பாதி துருவும் பட்டியும்தான். ஃபிட்டர் எட்டிப் பார்த்து, "ஒல்லியாயிட்சே" என்றார்.

ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம். ஆனால் ஹேண்டில்பார் கழுத்தில் அடித்திருந்த சேஸிஸ் நம்பரைத் தடவினேன், அதையும் ஆசிட் தின்று, இடம் வழவழவென்று இருந்தது. ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் அந்த நம்பரின் மேல் பென்சிலைத் தேய்த்துத்தான் அச்செடுப்பார்கள். நம்பர் இல்லையென்றால் சர்க்கார் கணக்கில் அப்படியொரு வண்டியே இல்லை. இனி அது ரோட்டுக்கு வராது.

ஆத்திரத்தில் புரோக்கருக்கு போன் போட்டுக் கத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீன் வண்டிதான் சார், இல்லேன்னு சொல்லல. ஆனா வண்டியப் போயி எவனாச்சும் ஆசிட்ல முக்குவானா?" என்றார். அந்த ஆள் என்னிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதுவரை அவர் மேல் இருந்த அருவருப்பு மொத்தமும் என் மேல் திரும்பியது. என் கையை முகர்ந்து பார்க்கவே பிடிக்கவில்லை.

பல வாரம் ஷெட் பக்கமே போகவில்லை. பிறகு மனசு கேட்காமல், எஞ்சினை மட்டும் ஒரு ஸ்டாண்டில் பூட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிக்கரை உதைத்தேன். பிடித்துக்கொண்டது. புகை கக்கிக்கொண்டு உறுமியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சத்தம் கேட்டு மனைவி வந்து நின்றாள்.

"இதுக்கா இத்தினி வருசம் ஏங்கிக்கினு இருந்தீங்க?"

"ஆமா."

"நல்லாத்தான் கீது" என்றாள். பிறகு, "இது எங்கியும் போவாது, இல்ல?" என்று கேட்டாள்.

போகாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.