சாம்பல் மூடிய குட்டை

ஏனாத்தூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் அப்பா பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலைக்குப் பின்னால், நெல் ஊறிய தண்ணீர் வந்து தேங்கும் குட்டை ஒன்று உண்டு. புகைபோக்கியிலிருந்து பறக்கும் உமிச்சாம்பல் அதன்மேல் படிந்து மிதக்கும். காற்று அதைக் கரையோரமாகத் தள்ளித் தள்ளி நெருக்கிவிட்டால், அடியில் தண்ணீர் இருப்பதே தெரியாது. காக்கை இறகும் சுள்ளியும் அதன்மேல் தரையில் கிடப்பதுபோலக் கிடக்கும். குச்சியால் மெல்லத் தள்ளினால் புடவைபோலச் சுருக்கம் விழும். விடுமுறையில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் நாட்களில் எனக்கு அதுதான் விளையாட்டு.

அந்த வருஷம் அம்மாவின் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் காதல் கல்யாணம் செய்துகொண்டார். அப்பா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். சமாதானம் பேச மாமா ஒரு நாள் என்னுடன் ஆலைக்கே வந்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆலையின் பின்பக்கமாக நடந்தார். மாமா ஓடிப்போய் அவரை மறித்து, பின்வாக்கில் நடந்தபடியே கெஞ்சினார்.

“இன்னா மாமா, ஒரு வார்த்த பேசக் கூடாதா? நான் இன்னா கொலையா பண்ணிட்டேன்?”

அப்பா திடுக்கிட்டுக் கையை நீட்டினார். அடுத்த அடியில் மாமா இல்லை.

பெரிதாகச் சத்தம்கூட இல்லை. சாம்பலில் ஓர் ஓட்டை தெரிந்தது. அதன் விளிம்பு மடிப்பு மடிப்பாக நெளிந்தது. பிறகு நாலு பக்கமிருந்தும் சாம்பல் நகர்ந்து வந்து மூடிக்கொண்டது. ஓர் ஆளை விழுங்கிவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் வெயிலில் கிடந்தது.

அப்பா குதித்தார். சாம்பல் அவரையும் மூடிக்கொண்டது.

அப்போதுதான் நான் கத்தினேன். களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் மூங்கிலோடு ஓடிவந்தார்கள்.

“எங்கடி உழுந்தாங்க? கைய காட்டுடி!”

எனக்கு இடம் தெரியவில்லை. எல்லா இடமும் ஒன்றுபோல இருந்தது. அவர்கள் மூங்கிலை விட்டுத் துழாவினார்கள். ஒரு கறுத்த கை மேலே வந்து அதைப் பிடித்தது. இன்னொரு கையில் மாமாவின் சட்டைக் காலர் இருந்தது.

கரையில் இருவரும் கரி பூசிய பொம்மைகளாகக் கிடந்தார்கள். இருமி முடித்ததும் அப்பா மாமாவை ஓர் அறை விட்டார்.

“கண்ணு இல்லியாடா உனக்கு? உன்ன நம்பி ஒருத்தி வந்துக்கிறாளேடா!”

மாமா அழுதார். அவர்கள் கோலத்தைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் அம்மா, அப்பாவின் தலையைத் தேய்த்துவிட்டபடி விடாமல் அழுதாள். இருவரும் பிழைத்துவிட்டார்கள், விட்டுப்போன பேச்சும் வந்துவிட்டது, இன்னும் இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.