வளைவில் உட்காரும் இடம்

மண்ணில் ஓடுகிற பைக் ஒன்றுக்கு நானும் என் கூட்டாளியும் ஆளுக்குப் பாதி சொந்தக்காரர்களாக இருந்தோம். இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

கொழும்பில் அவன் வெள்ளவத்தை, நான் கொட்டாஞ்சேனை. பைக் நின்றது என் வீட்டில். கழுவுவது, ஒயில் மாற்றுவது எல்லாம் என் தலையில். ஞாயிறு காலையில் அவன் பஸ்ஸில் வந்து இறங்குவான், குளித்து முழுகி மாப்பிள்ளை மாதிரி. பிறகு தெரிந்தவரின் சின்ன லொறியில் பைக்கை ஏற்றிக்கொண்டு, மட்டக்குளியில் மண் நிரப்பி விட்டிருந்த ஒரு வெறுங்காணிக்குப் போவோம்.

நேரே ஓடுவதென்றால் எவனும் ஓடுவான். ஓட்டக்காரனின் யோக்கியதை வளைவில்தான் தெரியும். என் முன்டயர் ஒவ்வொரு வளைவிலும் வழுக்கிக்கொண்டு வெளியே போனது. அவன் பக்கத்தில் நின்று பாடம் எடுப்பான்.

“பின்னுக்குத் தள்ளி இரு மச்சான். முன்னுக்கு வந்தா டயர் புதையும்.”

ரேஸ் வீடியோக்களில் எல்லாரும் பெற்றோல் டேங்கோடு ஒட்டி இருக்கிறார்களே என்று ஒருநாள் கேட்டேன். அது வெளிநாட்டு மண், நம்முடையது வேறு என்றான். வெள்ளவத்தை பிளாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. இன்னும் பின்னுக்குத் தள்ளி இருந்தேன்.

அவன் ஓடும்போது நான் வளைவில் நிற்பதில்லை. தொடங்குகிற இடத்தில் போனோடு நின்று நேரம் பிடிக்க வேண்டும். உன்னைப்போல ஒருத்தனும் சரியாகப் பிடிக்கமாட்டான் என்பான். அதில் எனக்குப் பெருமை வேறு. அங்கிருந்து பார்த்தால் வளைவு தெரியாது, நடுவில் ஒரு மண்மேடு.

நாங்கள் பைக் திருத்தக் கொடுக்கிற கராஜின் முதலாளி அந்த வருடம் மலைநாட்டு ரேஸுக்கு ஒருவனை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். ஒருவனை மட்டும். எனக்கு முப்பத்தாறு வயது. அதை விட்டால் எனக்கு வேறு ரேஸ் இல்லை, கந்தோரில் கணக்கெழுதுகிற கதிரைதான் மிச்சம்.

அவர் பார்க்க வந்த நாளில் முதலில் நான் ஓடினேன். இரண்டாவது சுற்றில் முன்டயர் வழமைபோல வழுக்கியது, நான் விழுந்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் போத்தலோடு லொறியில் போய் இருந்தேன். அவன் ஓடியதை நான் பார்க்கவில்லை. இடம் அவனுக்குக் கிடைத்தது. திரும்பி வரும்போது என் தோளைத் தட்டி, நான் இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இருந்திருக்க வேண்டும் என்றான்.

தோற்றதில் எனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இல்லை. சத்தியமாக இல்லை. ரேஸுக்குப் போகிறவன் கிழிந்த சீட்டில் போகக்கூடாது என்று, அதைக் கழற்றிக்கொண்டு மருதானையில் குஷன் அடிக்கிற ஒரு கடைக்கு நானே போனேன்.

கடைக்கார முஸ்லிம் நானா பழைய கவரை உரித்தார். உள்ளே ஸ்பொஞ்சில் இரண்டு பள்ளங்கள். ஒன்று நன்றாகப் பின்னால், அது என்னுடையது. மற்றது டேங்கோடு ஒட்டி, என்னுடையதைவிட ஆழமாக இருந்தது.

“இத ரெண்டு பேர் ஓடுறதா தம்பி?” என்றார். “முன்னுக்கு இருக்கிறவர் ரேஸ்காரர் போல. பின்னுக்கு இருக்கிறவர் சும்மா ஊர் சுத்துறவர்.”

எனக்குக் காது சுட்டது. எந்த இடத்தில் புது ஸ்பொஞ்ச் கூடுதலாக வைக்க வேண்டும் என்று கேட்டார். முன்னால் என்றேன்.

அடுத்த ஞாயிறு அவன் பைக்கை எடுக்க வந்தான். தான் முன்னுக்கு இருந்துகொண்டு என்னை ஏன் பின்னுக்குத் தள்ளினான் என்று கேற்றடியில் வைத்தே கேட்டேன். மறுப்பான், பொய் சொல்வான், அதற்கு என்ன திருப்பிக் கொடுப்பது என்று கிழமை முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அவன் மறுக்கவில்லை. பைக்கின்மேல் இன்னும் இறுக்காமல் வைத்திருந்த புது சீட்டைத் தடவிப் பார்த்தான்.

“நீ முன்னுக்கு இருந்திருந்தா அந்த இடம் எனக்குக் கிடைச்சிருக்காது மச்சான். நீ என்னைவிட நல்லா ஓடுவாய்.”

இரண்டு வருடத்தில் அவன் என் ஓட்டத்தைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அது. மானங்கெட்ட என் மனம் ஒரு கணம் சந்தோஷப்பட்டது. அவன் செய்த துரோகத்தைவிட அந்தச் சந்தோஷம்தான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. அவன் ஸ்பானரை நீட்டினான். சீட்டின் இரண்டு நட்டையும் நானே இறுக்கிக் கொடுத்தேன்.