இடப்பக்க சீட்டுக்கு அடியில்

அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர் மாதா கோயிலுக்குக் காரில்தான் போவதென்று முடிவு செய்திருந்தேன். கார் இருந்த நிலையில் அதைக் கோயில் வாசலில் நிறுத்த முடியாது. இரண்டு மாத மழையில் வெளியே செம்மண் சேறு அப்பிக் கிடந்தது. உள்ளே கதவைத் திறந்தாலே ஈரச்சாக்கு வாடை.

புதுக்கோட்டையில் வாட்டர் சர்வீஸ் செய்கிற இடத்தில் விசாரித்தேன். வெளியே மட்டும் கழுவுவதற்கு ஒரு விலை, உள்ளே சீட்டெல்லாம் சுத்தம் செய்வதற்கு வேறு விலை. இரண்டாவதைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வண்டியே பழைய வண்டி, இன்னும் கடன் முடியவில்லை. நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

போனில் நாலைந்து வீடியோ பார்த்தேன். கடையில் வாங்கியது ஷாம்பு பாக்கெட்டுகள் மட்டும். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருந்தது. பழைய பல் விளக்கும் பிரஷ், சமையல் சோடா, என் வீட்டுக்காரரின் கிழிந்த வேட்டி, இரண்டு வாளி. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அதனால் நிழலில் நிறுத்தி, ஒரு பக்கம் கழுவியதும் உடனே துடைத்து, பிறகு அடுத்த பக்கம் போனேன். வெளி வேலை முடிந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

உள்ளே மேலிருந்து கீழே வர வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். கூரையைத் துடைத்தேன். டேஷ்போர்டு இடுக்குகளில் பிரஷை விட்டுத் தூசி எடுத்தேன். கால்மிதிகளை உருவி வெளியே போட்டேன். சோடாவைத் தூவிவிட்டு, டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி அடியில் பெருக்கினேன். அடுத்து இடப்பக்க சீட். அதைத் தள்ளுவதற்காக அடியில் கையை விட்டு லிவரைத் தேடினேன்.

விரலில் ஏதோ நெருநெருவென்று பட்டது. காய்ந்த கஞ்சி மாதிரி. கையை நகர்த்தினேன். அங்கேயும் இருந்தது. இன்னும் நகர்த்தினேன். அங்கே ஒன்று காயாமல் இருந்தது.

போன் டார்ச்சைப் போட்டு, தரையில் கன்னம் படக் குனிந்து பார்த்தேன். சீட்டின் அடி விளிம்பு முழுக்க, கதவுப் பக்கம் தொடங்கி முன்பக்கம் வரை, மூக்குச்சளி. பச்சை, கறுப்பு, பழுப்பு. சிலதில் முடி ஒட்டியிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அப்பி, வேப்பமரத்துப் பிசின் மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. கதவுப் பையில் பார்த்தால் பல்லால் கடித்துத் துப்பிய நகத் துண்டுகள்.

வாளிப் பக்கமே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பாத்திரம் விளக்குகிற சோப்பை எடுத்துக் கையைத் தேய்த்துத் தேய்த்து, விரலெல்லாம் சிவந்துபோனது.

முதலில் சந்தேகப்பட்டது என் வீட்டுக்காரரைத்தான்.

"ஏங்க, இங்க வாங்க. உண்மையைச் சொல்லுங்க. இது யாரு வேலை?"

அவர் குனிந்து பார்த்துவிட்டுத் துள்ளி நிமிர்ந்தார். "ச்சீ! என்னைப் போயா கேக்குற? நான் இலுப்பூருக்கு வேலைக்கு பைக்ல போறேன், பைக்ல வாரேன். ஒன் வண்டியில நான் எப்ப ஏறுனேன்?"

உண்மைதான். அந்த சீட்டில் தினமும் உட்காருகிறவர் ஒரே ஒருவர். எங்கள் பள்ளியின் ஹெச்.எம்.

வல்லத்திராக்கோட்டைக்கு அங்கிட்டு ஒரு கிராமத்தில் எங்கள் பள்ளி. நானும் கணக்கு டீச்சரும் என் காரில் போய் வந்துகொண்டிருந்தோம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு டூவீலர் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஆனி மாதத்திலிருந்து ஹெச்.எம். சாரும் சேர்ந்துகொண்டார். பெரியவர் என்பதால் முன் சீட்டைக் கொடுத்தோம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, இஸ்திரி கலையாத பேன்ட். காலைப் பிரேயரில் பிள்ளைகளை வரிசையாகக் கை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பார். மூக்கு ஒழுக வருகிற பிள்ளையைத் தனியே நிறுத்தி, "ஒங்க வீட்ல கண்ணாடி இல்லையா?" என்பார்.

அதைவிட வேறொன்று நினைவுக்கு வந்தது. அவர் தினமும் ஒரு பொட்டலம் வறுகடலை கொண்டுவருவார். போகிற வழியில் தோல் உரித்து, ஊதி, "டீச்சர், கையை நீட்டுங்க" என்று என் உள்ளங்கையில் வைப்பார். அப்பா மாதிரி மனுசன் என்று நினைத்து நானும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவேன். ஆறு மாதம் தின்றிருக்கிறேன்.

அன்றைக்குச் சுரண்டினேன். வெந்நீரில் முக்கிய துணியை அமுக்கிப் பிடித்து ஊறவைத்து, காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை வைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சுரண்டினேன். ஊறியதும் அது மறுபடி வழவழவென்று ஆகிவிட்டது. அதுதான் கொடுமை. கார்டு, பிரஷ், துணி எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். அன்று ராத்திரி சோற்றில் கை வைக்க முடியவில்லை. ஸ்பூனால் சாப்பிட்டேன்.

லீவு முடிந்து பள்ளி திறந்ததும் கடைக்கண்ணால் கவனித்தேன். நேர்மையைப் பற்றியோ எதைப் பற்றியோ பேசிக்கொண்டே வந்தார். பேச்சு தடைபடவே இல்லை. இடது கை மூக்குக்குப் போனது, உருட்டியது, சீட்டுக்கு அடியில் போனது, மேலே வந்தது. அதே கை கடலைப் பொட்டலத்தைப் பிரித்தது.

"டீச்சர், கை."

"வேணாம் சார். பல்லு வலி."

மறுநாள் டேஷ்போர்டில் டிஷ்யூ பேப்பர் ஒரு பெட்டி வைத்தேன். கதவில் ஒரு குப்பைப் பையும் தொங்கவிட்டேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எதுக்கு டீச்சர் இதெல்லாம்? வீண் செலவு. கைக்குட்டை போதாதா?" சனிக்கிழமை குனிந்து பார்த்தேன். புதிதாக ஒரு வரிசை ஆரம்பித்திருந்தது. டிஷ்யூ பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தது.

திங்கட்கிழமை மதியம் கணக்கு டீச்சரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். டிபன் டப்பாவை மூடிவிட்டு, "எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார்.

"தெரியுமா?"

"முந்தின ஸ்கூல்லயும் அவருகூட இருந்தேன்ல. ஆபீஸ் மேசைக்கு அடியில எல்லாம் பாத்திருக்கேன். அதனாலதான் நான் எப்பவும் பின்னாடியே உக்காருறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"எப்படிங்க சொல்றது? பெரிய மனுசன். நீங்க அந்தக் கடலையை வாங்கித் திங்கிறப்ப எனக்கு வயித்தைப் புரட்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன்."

சீட்டுக்கு அடியில் விரல் பட்டபோது வந்த அதே குமட்டல் அப்போதும் வந்தது.

மறுநாள் காலை. தைல மரக்காட்டை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தோம். அவர் கை சீட்டுக்கு அடியில் போனது. நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"சார், சீட்டுக்கு அடியில என்ன தடவுறீங்க?"

"என்ன டீச்சர்?"

"கையை மேல எடுங்க சார்."

"லிவரைத் தேடுனேன். கால் நீட்டக் கொஞ்சம் எடம் வேணும்னு."

"சார், அதைச் சுரண்டிக் கழுவுறது நான். ஒரு தடவை கழுவிட்டேன், இப்ப மறுபடியும் இருக்கு. நாளையில இருந்து வேற வண்டி பாத்துக்குங்க."

அவர் முகம் கறுத்தது. பின்னால் திரும்பினார். "என்ன இது? இவங்க என்ன சொல்றாங்க? நீங்க சொல்லுங்க டீச்சர்."

கணக்கு டீச்சர் தைல மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைய பிரேயரில் பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பது பற்றி நீளமாகப் பேசினார். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். ஒரு வாரத்துக்குள் செய்தி பக்கத்துப் பள்ளிகள் வரை பரவியது. கார் வாங்கிய திமிரில் கண் ஆபரேஷன் செய்த மனுசனை நடுரோட்டில் இறக்கிவிட்டேனாம். யாரிடமும் நான் காரணம் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தாலே ஓங்கரிப்புதான் வந்தது.

அந்தக் கல்வியாண்டுக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். பள்ளி மைதானத்தில் சாமியானா போட்டு விழா எடுத்தார்கள். கணக்கு டீச்சர்தான் வாழ்த்துரை. "சுத்தம் என்றால் என்ன என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்" என்று மைக்கில் சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எல்லோரும் மேடையேறி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் முறை வந்தபோது நான் தள்ளி நின்று கும்பிட்டேன். அவரும் என் முகத்தைப் பார்க்காமல் கும்பிட்டார்.

திரும்பும்போது கணக்கு டீச்சர் வழக்கம்போலப் பின் சீட்டில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும், "மேடையில அப்படித்தாங்க பேசணும்" என்றார்.

நான் நாலு ஜன்னல் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.