எந்தக் கட்டி?

பட்டினப்பாக்கத்து லூர்துசாமிக்குக் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி வரும். அதனால்தான் அடையாறு ஆராய்ச்சிக்கூடத்தில் அட்டெண்டர் ஆனார். ஈக்காட்டுத்தாங்கலில் இருந்த அதன் எலிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம்.

மீன் விற்கும் மனைவி தேசம்மா கேட்பாள்: "கடலாண்ட பொறந்துட்டு எலி மேய்க்கிறியே?"

"எலி நாறாது" என்பார். அது பொய்.

தொண்ணூற்றெட்டு மே மாதம் ஹம்சா ஆறு எலிகளுக்கு ஊசி போட்டாள். மயிலாப்பூர்ப் பெண். மூன்று வருட ஆராய்ச்சியின் கடைசி ஆறு எலிகள். அவளுடைய மருந்து குளிரில் தண்ணீர். உடம்புச் சூடு பட்டால் ஜெல்லாக உறையும். புற்றுக்கட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பும் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும்.

"புரியறதா, லூர்துசாமி?"

"கட்டிக்குப் பக்கத்துல போலீஸ் பூத் வெக்கிறீங்க."

எலியின் தோலுக்கடியில் இப்போது ஒட்டினாற்போல் இரண்டு புடைப்பு: ஒன்று புற்று, ஒன்று ஜெல். புற்று கரைந்தால் ஜெயம். ஜெல் முந்திக்கொண்டு கரைந்தால் மூன்று வருடமும் வீண். லூர்துசாமி தினமும், மீனை அழுத்திப் பார்ப்பதுபோல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துப் போனில் சொல்வார்.

ஒன்பதாம் நாள் சொன்னார்: "மேடம், நாலாம் நம்பருக்குக் கட்டி கரைஞ்சிடுச்சி."

"எந்தக் கட்டி?"

இரண்டையுமே அவர் கட்டி என்றுதான் சொல்லிவந்தார். மிஞ்சியது எது என்று விரலுக்குத் தெரியவில்லை.

"அறுத்துத்தான் பார்க்கணும். இருங்கோ, வரேன்."

அடையாறிலிருந்து பஸ் பிடித்து அவள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. லூர்துசாமி நாலாம் நம்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் முதுகு ஈரமாக இருந்தது.

"என்ன பண்ணினேள்?"

"ஐஸ் வெச்சேன்."

"யாருக்கு?"

"எலிக்குத்தான். உங்களுக்கு வெச்சி இன்னா ஆவப்போவுது? தொட்டுப் பாருங்க."

தொட்டாள். புடைப்பு தொளதொளத்தது. புற்று ஐஸுக்கு இளகாது, ஜெல்தான் இளகும். விரலடியிலேயே அது மெல்ல மறுபடி இறுகியது.

ஹம்சா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மத்த அஞ்சு?"

"ரெண்டும் கீது மேடம். நாள் கீது இல்ல?"

எலியைக் கூண்டில் விட்டார். கத்தியை அவள் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து ஜெல்லை அவர் கட்டி என்று சொல்லவில்லை. பதினோராம் நாள் போன் வந்தது.

"மேடம், ரெண்டாம் நம்பர்ல பூத் மட்டும்தான் கீது."