அப்பாவுக்குக் கேட்காத எழுத்து

நானும் அப்பாவும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஹோம் தியேட்டருக்கு கிராஸ்ஓவர் எண் வைத்தது. 2007 ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. வேங்கிக்கால் வீட்டின் முன்னறை.

அப்பா பெயர் சகாதேவன். ரைஸ் மில் ஆபரேட்டர். டிவியில் பேசுவது தெளிவாக இல்லை என்று, ஒரு ரிசீவரும் ஐந்து சிறிய ஸ்பீக்கரும் ஒரு பெரிய சப்வூஃபர் பெட்டியும் கொண்ட செட் ஒன்றை வாங்கியிருந்தார். வாங்கியும் தெளிவாக இல்லை. என்னை அவர் கூப்பிடவில்லை. நாங்கள் பேசிப் பத்து மாதம் ஆகியிருந்தது. அம்மாதான் போன் செய்தார்.

"உங்கப்பா ஒரு வாரமா அந்த ரிமோட்ட வெச்சினு மல்லாடறாரு. நீ இன்ஜினியரு தான, வந்து பாரேன் செல்வி."

நான் சென்னையில் ஒலியை அளக்கும் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். போனேன். இதை வைத்து எங்களைப் பேச வைத்துவிடலாம் என்று அம்மா நினைத்தார். எனக்கு அந்த எண்ணம் இல்லை.

கிராஸ்ஓவர் என்பது ஓர் எல்லை. அந்த எண்ணுக்குக் கீழே உள்ள ஒலி பெரிய பெட்டிக்குப் போகும். மேலே உள்ளது சிறிய ஸ்பீக்கர்களுக்கு. அப்பா இருநூறு ஹெர்ட்ஸ் வைத்திருந்தார்.

"ஏம்ப்பா இருநூறு?"

"நாப்பதுல இருந்துச்சு. ஏத்தினே வந்தேன். அதுக்கு மேல போகல."

எண் ஏற ஏறக் குரல் தெளியும் என்று நினைத்திருக்கிறார். இருநூறில் ஆண் குரலின் அடிப்பகுதி பெரிய பெட்டிக்குப் போய்விடுகிறது. பெட்டி பீரோவை ஒட்டி இருந்தது. செய்தி வாசிப்பவர் பாதி டிவியிலிருந்தும் பாதி பீரோவுக்குள்ளிருந்தும் பேசிக்கொண்டிருந்தார்.

ஆபீசில் ஒரு சோதனை சிடி பதிவு செய்து கொண்டுபோயிருந்தேன். முப்பது ஹெர்ட்ஸில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் ஒலி. அப்பா நாற்காலியை அறையின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். எல்லையை எண்பதில் வைத்து ஓட்டினேன்.

"நடுவுல ஓட்டை வுழுது. பெட்டியும் பேசல, சின்னதும் பேசல."

நூற்றைம்பதில் வைத்தேன்.

"இப்ப ரெண்டும் அடிச்சிக்குது."

நூற்றிருபதில் கையைத் தூக்கினார். "இதான். பெல்ட்டு சரியா உக்காந்துச்சு."

மீட்டர் வைத்து அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தது.

அப்பா அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. பங்கு பிரித்தபோது அவருக்கு வந்த நிலம் ஒரு குடும்பத்துக்குப் போதாது. 1989இல் ஊரை ஒட்டிய ஒரு மில்லில் சேர்ந்தார். பதினெட்டு வருடம் அதே மில். பாலீஷ் மெஷினின் பேரிங் போகப்போகிறது என்றால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவார். வேறு மில்காரர்கள் வந்து அழைத்துப் போவார்கள். தரையில் கால் வைத்து, கண்ணை மூடி, எந்த மெஷின் என்று கை காட்டுவார். மில்லுக்குள் எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டிலும் அவர் கையால் பேசினார். ஐந்து விரல் என்றால் இரு, வருகிறேன். அதை நாங்கள் அவருடைய குணம் என்று எடுத்துக்கொண்டோம்.

போனில் நான் எது சொன்னாலும் "சரிம்மா" என்பார். அதையும் குணம் என்றுதான் நினைத்தேன்.

எங்களைப் பேசாமல் ஆக்கியதும் ஒரு போன்தான். 2006 ஐப்பசி. அத்தை உண்ணாமலை போளூரில் ஒரு வரன் பார்த்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா பெயர் அப்பாதுரை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. எனக்கு விருப்பமில்லை. அப்பாவுக்குப் போன் செய்தேன். "ஞாயித்துக்கிழமை அவங்கள வரச் சொல்லாதீங்கப்பா."

"சரிம்மா."

ஞாயிறன்று வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் பூ, பழம். அம்மா கேசரி கிண்டியிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. அவர்களிடம் சொன்னார்: "பொண்ணுதாங்க வரச் சொன்னா."

ஒரு நாளும் பொய் சொல்லாதவர், அத்தனை பேர் முன்னால் என்மேல் பழி போட்டார் என்று நினைத்தேன். அதன்பிறகு அவரோடு பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை, எண் சரியான பிறகும் சிடி ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரம் ஹெர்ட்ஸ், ஆயிரத்தைந்நூறு. நான் ஒயர்களைப் பீரோவுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மூவாயிரம் வந்தது.

அப்பா எழுந்தார். "முடிஞ்சிச்சா?"

சமையலறையிலிருந்து அம்மா கத்தினார். "ஏண்டி, அந்த விசில நிறுத்து. காது கூசுது."

"என்ன விசிலு?" என்றார் அப்பா.

நான் சிடியை நிறுத்தவில்லை. நாலாயிரம், ஆறாயிரம். அப்பா ஸ்பீக்கரைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு அறை அமைதியாக இருந்தது.

சிடியை நிறுத்தினேன். அவரைச் சுவர் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். பின்னால் நின்று, "நான் சொல்றத திருப்பிச் சொல்லுங்கப்பா" என்றேன்.

"வரச் சொல்லுங்க."

"வரச் சொல்லுங்க" என்றார்.

"வரச் சொல்லாதீங்க."

"வரச் சொல்லுங்க." சுவரைப் பார்த்தபடியே, "ஒண்ணயே எத்தினி வாட்டி சொல்லுவ?" என்றார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றார்.

காரணம் எனக்குத் தெரிந்த பாடம்தான். வேண்டாம் என்ற பொருள் பெரும்பாலும் அந்தச் சொல்லில் 'தீ' என்ற ஓர் எழுத்தில் இருக்கிறது. ஈ என்ற ஒலியின் அடையாளம் இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே. அந்த மேல் ஒலியை எடுத்துவிட்டால் ஈ, ஊ போலக் கேட்கும். மீதியை மனம் தனக்குத் தெரிந்த சொல்லாக நிரப்பிக்கொள்ளும். மில் அவருடைய காதில் அந்த மேல்பகுதியைத்தான் தின்றிருந்தது. கீழ்ப்பகுதி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இதை நான் பத்து மாதம் முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும். சம்பளமே இதற்குத்தான் வாங்குகிறேன்.

அவர் திரும்பினார். "அப்ப அன்னைக்கி அவங்க வரவேணாம்னா நீ சொன்ன?"

"ஆமாப்பா."

ஸ்பீக்கர் ஒயர் ஒன்றைக் கையில் எடுத்துச் சுருட்டினார். பிறகு பிரித்தார்.

"எனக்கு நல்லா கேட்டுச்சு செல்வி. வரச் சொல்லுங்கன்னு நல்லா கேட்டுச்சு."

"தெரியும்ப்பா. இப்ப தெரியும்."

"நீ வேணும்னே என்ன அவமானப்படுத்திட்டன்னு நெனச்சேன்."

"நான் நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அம்மா உள்ளே போகத் திரும்பினார். "ரெண்டு பேரும் நல்லா நெனச்சீங்க. கேசரிய மூணு நாளு நானே தின்னேன்."

சாப்பிடும்போது அப்பா போளூர் பேச்சை எடுத்தார். அப்பாதுரை வீட்டில், வரச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போன பெண் என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். அத்தைக்கும் அவர்களுக்கும் பேச்சு நின்றுவிட்டது. "நான் நேர்ல போயி சொல்லிட்டு வரணும். தப்பு பொண்ணுமேல இல்ல, என் காதுமேலன்னு."

"நாளைக்கே போயிட்டு வாங்களேன்" என்றார் அம்மா.

"போலாம். அவரு திருப்பி எதுனா சொல்லுவாரு இல்ல? அது எனக்குக் கேக்கணுமே. அவரு வேற மெல்லமா பேசற ஆளு. எல்லாத்துக்கும் சரிங்கன்னு சொல்லிட்டு வந்தேன்னு வையி, மறுபடியும் பதினோரு பேரு வந்து உக்காருவாங்க. காது மிஷின் வாங்கினு போறேன்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தப் பத்து மாதத்தைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த புதன்கிழமை அம்மாவோடு வேலூருக்குப் போய்க் காது பரிசோதனை செய்துகொண்டார். அளவுத்தாளை எனக்குக் கூரியரில் அனுப்பினார். ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கோடு சமமாக வருகிறது. பிறகு செங்குத்தாக இறங்குகிறது. மிஷின் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

பதிமூன்றாம் நாள் காலை, மில்லில் மோட்டாரைப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது ஐம்பத்தேழு. கூட வேலை செய்த முருகையன், அப்பா ஐந்து விரலைக் காட்டினார் என்றும், இரு, வருகிறேன் என்கிறார் என நினைத்துத் தான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போகவில்லை என்றும் என்னிடம் சொல்லி அழுதார்.

சாவுக்கு அப்பாதுரை வந்திருந்தார். மாலை போட்டார். என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். "நல்ல மனுஷன். என்ன, நீ வரச் சொல்லிட்டுத் திரும்பிப் போனதுல அன்னைக்கி அவருதான் தல குனிஞ்சாரு." மேளச் சத்தம் எழுந்தது. நான் நடந்ததைச் சொல்வதற்குள் அவரை யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

வேங்கிக்காலிலிருந்து போளூர் முப்பத்தைந்து கிலோமீட்டர். வேலூர் பஸ் எல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது. காது பரிசோதனைக்குப் போன புதன்கிழமையும் பஸ் போளூரில் பத்து நிமிடம் நின்றதாம். அப்பா ஜன்னல் வழியாக அவர்கள் தெருவைக் காட்டி, "மிஷின் வரட்டும், வரும்போது இங்க எறங்கிடலாம்" என்று சொன்னதாக அம்மா சொன்னார்.